கருத்த பல்லுக்கு மேல் வெனீர்: எந்த ஷேடு சிமெண்ட்?

டாக்டர்களுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் கிளினிக் வைத்திருக்கிறேன். கல்யாணம் நெருங்கிய ஒரு பெண்ணுக்கு மேல் முன்பற்கள் நான்கிற்கும் லித்தியம் டைசிலிகேட் (ஒரு பீங்கான் வகை) வெனீர், அதாவது பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு. அரை மில்லிமீட்டர் கனம்தான், அதனால் ஒட்டும் சிமெண்டின் நிறம் அப்படியே வெளியே தெரிகிறது. மூன்று பல் பிரமாதம். வேர் சிகிச்சை செய்து கருத்த பல்லில் மட்டும், நிறமில்லாத ட்ரை-இன் பேஸ்ட் (ஒட்டும் முன் சிமெண்ட் நிறம் எப்படித் தெரியும் என்று பார்க்க வைக்கும் பசை) வைத்தால் ஈறோரம் சாம்பல் தட்டுகிறது. ஒபேக் வெள்ளை வைத்தால் சாம்பல் போய்விடுகிறது, ஆனால் பல் சுண்ணாம்பு பூசின மாதிரி உயிரில்லாமல் நிற்கிறது. அமீன் கலந்த டூயல் க்யூர் சிமெண்ட் (ஒளியாலும் ரசாயனத்தாலும் இறுகுவது) நாளடைவில் மஞ்சளிக்கும், அது வேண்டாம்.

பல்லை உள்ளிருந்து ப்ளீச் செய்துவிட்டு ஒட்டலாமா? அப்புறம் ஒட்டுவதற்கு இரண்டு வாரமாவது விட வேண்டுமே. இல்லை, ஒளி ஊடுருவல் குறைந்த இங்காட்டில் (வெனீர் செய்யும் பீங்கான் கட்டி) அந்த ஒன்றை மட்டும் லேபில் மறுபடி செய்யச் சொன்னால் மற்ற மூன்றோடு ஒத்துப்போகுமா? இப்படி கேஸ் முடித்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.