பொருள்: மறு: மறு: ‘டிரான்சாக்‌ஷன்’ வகை நெறிமுறைக்குச் சொல் தேவை

குழுவினருக்கு வணக்கம். சமூக மன்ற வகுப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கணினிகள் தரவு பரிமாறும் விதித்தொகுப்புகளுள் (நெறிமுறைகளுள்) ஒன்றான டிசிபி முதலில் கைகுலுக்கி (இருபக்கமும் செய்தி அனுப்பி இணைப்பை உறுதிசெய்து), தரவை வரிசை பிசகாமல் சேர்த்து, விடைபெற்றுப் போகும். அதை ‘நம்பகமான இணைப்புவழி நெறிமுறை’ என்று எழுதிவிட்டேன். ஒரு கேள்வி, ஒரு பதில், அத்தோடு சரி என்னும் வகைக்கு (1988இன் விஎம்டிபி, 1994இன் டி/டிசிபி ஆகிய நெறிமுறைகள் போல) என்ன சொல்லலாம்? ‘பரிவர்த்தனை’ என்றால் வங்கிதான் நினைவுக்கு வருகிறது.
– மொழிபெயர்ப்பாளர்

அது வடசொல்லும்கூட. ‘செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்’ என்கிறது தொல்காப்பியச் சொல்லதிகாரம்; செப்பு என்றால் விடை. ‘வினாச்செப்பு நெறிமுறை’ என்று வையுங்கள். அடுத்த நூற்பா இன்னும் பொருத்தம்: ‘வினாவும் செப்பே வினாஎதிர் வரினே’. டிசிபி கைகுலுக்கலின் இரண்டாம் செய்தி அப்படித்தானே? வந்ததற்கு விடையும் அதுவே, எதிர்வினாவும் அதுவே.
– தமிழாசிரியர், பிடோக்

ஐயா, நூற்பா அருமை. ஆனால் வலையமைப்பு வகுப்பில் ‘செப்பு’ என்றால் செம்புக் கம்பி! அதைவிட என் கவலை வேறு. டிசிபியை ‘நம்பகமானது’ என்றால் கேள்வி-பதில் வகை நம்பகமற்றது என்றாகிவிடும், அது தவறு. ஒரே கேள்வி கேட்க டிசிபிக்கு முதலில் ஒரு போய்வரவு வீண். முடித்த பிறகும், முதலில் விடைபெற்ற பக்கம் டிசிபியை வரையறுத்த 1981இன் ஆர்எஃப்சி 793 ஆவணக் கணக்குப்படி நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும். டி/டிசிபி முதல் தரவுப் பொதியிலேயே கேள்வியை அனுப்பியது. பழைய பொதியா புதியதா என்பதை இணைப்பெண்ணைப் பார்த்து அறிந்தது. நம்பகத்தை விடவில்லை, முன்கூட்டிய கைகுலுக்கலைத்தான் விட்டது. அந்த வழியிலேயே போலி முகவரிக்காரர்கள் நுழைய முடிந்தது. 2011இல் அதை வரலாற்று ஆவணமாக ஒதுக்கிவிட்டார்கள்.
– பொறியாளர், ஜூரோங்

‘கொள்வினை கொடுப்பினை’ என்று வைத்தால்?
– வாசகி

அம்மா, அது சம்பந்தி வீட்டாருக்கு!
– பொறியாளர்

நேரமில்லை. ‘கேள்வி-பதில் நெறிமுறை’ என்றே வைத்துவிடுகிறேன்; ஆசிரியர் தவிர மற்றவர்கள் மறுக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ‘நம்பகமான’ என்ற அடைமொழியை நீக்கிவிட்டேன். அச்சுக்கு அனுப்புகிறேன்.
– மொழிபெயர்ப்பாளர்

மறுக்கிறேன். ‘பதில்’ உருது வழி வந்தது. குறளின் ‘கேள்வி’ அதிகாரமோ சான்றோர் சொல்லைச் செவிமடுப்பதைப் பற்றியது, வினவுவதைப் பற்றியதல்ல. ‘வினா-விடை’ என்றாவது திருத்துங்கள். செப்பு பற்றி விரிவாகத் தனிமடலில் எழுதுகிறேன்.
– தமிழாசிரியர்