நான் பாடுகிறேன், சபை பாடவில்லை. எதை மாற்றுவது?

கேள்வி: புதிதாகப் பாடல் நடத்துபவன்

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபையில் பாடல் நடத்தும் பொறுப்பை ஏற்று ஏழு மாதமாகிறது. பதினைந்து வயதிலிருந்து பாடகர் குழுவில் நின்றவன், அதனால் பாடுவது பழக்கம்தான். நடத்துவதுதான் புதிது.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். நான்கு பாடல்கள், அவற்றில் இரண்டு புதியவை. வாரம் முழுவதும் ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டுப் பயிற்சி செய்திருந்தோம். கீபோர்டு, கிட்டார், டிரம்ஸ் எதுவும் ஓரிடத்திலும் பிசகவில்லை. இரண்டாம் பாடலைக் கண்களை மூடிப் பாடிக்கொண்டிருந்தவன் நடுவில் திறந்து பார்த்தேன். மூன்றாம் வரிசையில் எப்போதும் நிற்கும் வயதான அம்மா, பல்லவி மேலே ஏறும் இடத்தில் மோவாயைத் தூக்கி அந்தச் சுரத்தை எட்டப் பார்த்தார். குரல் வரவில்லை. வாயை மூடிக்கொண்டார். அடுத்த முறை பல்லவி வந்தபோது அவர் முயலவே இல்லை, திரையைப் பார்த்தபடி நின்றார். சுற்றிலும் பார்த்தேன். பாதிப் பேர் அப்படித்தான் நின்றார்கள்.

ஆராதனை முடிந்ததும் "இன்றைக்குப் பாட்டு அருமை" என்று பலர் கைகுலுக்கினார்கள். அந்தப் பாராட்டுத்தான் எனக்கு அதிகமாக வலித்தது. பாட வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எதை மாற்ற வேண்டும்? பாடல்களையா, என்னையா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பியானோ வாசிப்பவள்

தம்பி, முதலில் சுருதியைப் பாருங்கள். ஒலிப்பதிவில் பாடுகிறவர் தம் குரலுக்கு இசைந்த சுருதியில் பாடியிருப்பார். அது நாள்தோறும் சாதகம் செய்யும் குரல். வாரத்தில் ஒரு நாள், அதுவும் காலை வேளையில் பாடுகிற குரலுக்கு அது எட்டாது. பயிற்சியில்லாத குரல்கள் சேர்ந்து பாட, மேற்கத்திய சுரப்பெயரில் கீழ் ஏ (பியானோவின் நடு சி-க்குச் சற்றுக் கீழே உள்ளது) முதல் மேல் டி வரை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்தாயியும் அதற்கு மேல் மூன்று சுரமும். ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடிவிடுவார்கள். எப்போதாவது மேல் ஈ-யைத் தொட்டுவிட்டு இறங்கினால் தாங்கும். அதிலேயே நின்று நீட்டச் சொன்னால், உங்கள் மூன்றாம் வரிசை அம்மாவைப் போலத்தான் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள்.

நான் செய்வது இதுதான். பாடல் கையில் கிடைத்ததும் அதன் மிக உயர்ந்த சுரத்தையும் மிகத் தாழ்ந்த சுரத்தையும் பென்சிலால் வட்டமிடுவேன். ஒரு பாடல் பி மேஜரில் இருக்கிறது, மேலே எஃப் ஷார்ப், கீழே சி ஷார்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு அரைச்சுரம், அதாவது கறுப்பு வெள்ளை இரண்டையும் எண்ணிப் பியானோவில் நான்கு கட்டை, இறக்கினால் ஜி மேஜர். மேலே டி, கீழே ஏ. கச்சிதமாக உட்கார்ந்துவிடும். கிட்டார் வாசிப்பவருக்கும் ஜி மேஜர் கைக்கு எளிது. இரண்டு எல்லைக்குள்ளும் அடங்காத பாடலா? பாடகர் குழுவுக்குக் கொடுத்துவிடுங்கள். சபை அமர்ந்து கேட்கட்டும், அதுவும் ஆராதனைதான்.

ஒரே நாளில் இரண்டு புதிய பாடல் வேண்டாம். ஒன்று போதும். அதையும் அடுத்தடுத்து இரண்டு மூன்று ஞாயிறு பாடுங்கள். முதல் முறை கேட்பார்கள், இரண்டாம் முறை முணுமுணுப்பார்கள், அதன் பிறகுதான் வாய் திறக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற ஆயர்

சுருதியைப் பற்றிச் சகோதரி சொன்னதற்குமேல் எனக்குத் தெரியாது. பாடலின் சொற்களைப் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் தேர்ந்தெடுத்த நான்கு பாடல்களையும் ராகமில்லாமல் ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள், மகனே. பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன் என்றார். ராகத்தை எடுத்துவிட்டால் கருத்து நிற்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இன்னொன்று. நான்குமே மகிழ்ச்சிப் பாடல்களாக இருந்தனவா? சங்கீதப் புத்தகத்தில் 150 சங்கீதங்கள் இருக்கின்றன. அவற்றில் புலம்பலாகவும் முறையீடாகவும் உள்ளவைதாம் மற்ற எந்த வகையையும்விட அதிகம். 13-ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று கேட்டுக் கேட்டுத் தொடங்கி, கடைசியில் பாட்டாக மாறுகிறது. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆறுதலாக ஒரு வரிகூட இல்லை. அதையும் ஜனங்கள் பாடும்படிதான் புத்தகத்தில் வைத்தார்கள்.

நான் ஊழியத்தில் இருந்தபோது ஒரு வீட்டில் பிள்ளையை அடக்கம் செய்த வாரம், அந்த ஞாயிறு முழுவதும் கைதட்டும் பாடல்களாகவே அமைந்துவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, பட்டியல் முன்பே தயாராகிவிட்டது. அந்தத் தகப்பன் பாதியில் எழுந்து வெளியே போனார். நான் அவர் பின்னால் போய் வாசற்படியில் அவரோடு உட்கார்ந்தேன். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு, சனிக்கிழமை மாலை பாடல் தலைவரைக் கூப்பிட்டு, இந்த வாரம் சபையில் யார் யாருக்கு என்ன நடந்தது என்று சொல்லாமல் நான் இருந்ததில்லை. நீங்களும் உங்கள் ஆயரிடம் அதைக் கேளுங்கள். பிரசங்க வசனத்தைக் கேட்டுப் பாடல் தேடுவதோடு நிறுத்திவிடாதீர்கள்.

பதில்: பேஸ் (ஆண்களின் தாழ்ந்த குரல்) பாடுபவன்

அக்காவின் கணக்கில் எனக்குச் சிறு மறுப்பு உண்டு. எல்லாப் பாடலையும் மேல் டி-க்கு இறக்கிவிட்டால், சரணங்களில் பெண்கள் குரல் கரைந்துவிடும், பாட்டும் உறங்கிவிடும். உயர்ந்த சுரம் எவ்வளவு என்பதைவிட, பாட்டு பெரும்பாலும் எந்தச் சுரங்களில் உலவுகிறது என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன்.

நடத்துபவரைப் பற்றியும் சொல்லவேண்டும். கண்களை மூடாதீர்கள், சகோதரரே. அடுத்த சரணம் எப்போது தொடங்குகிறது என்று சபை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. முதல் சொல்லுக்கு முன் நீங்கள் மூச்சிழுப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். தோள் சற்று உயர்ந்தால் போதும், அத்தனை பேரும் உங்களோடு சேர்ந்து மூச்சிழுப்பார்கள். சரணங்களுக்கு நடுவே வரும் நீண்ட வாத்திய இசையைக் குறையுங்கள். திரையை இயக்குபவர், இந்த வரியின் கடைசிச் சொல்லைப் பாடும்போதே அடுத்த வரியைக் காட்டட்டும்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி பாடுவதைப் பற்றி எழுதிய ஏழு நெறிகள் 1761-இல் ஒரு பாடல் தொகுப்பில் வெளிவந்தன. எல்லாரும் பாடுங்கள், துணிந்து பாடுங்கள் என்கிறார். உடனே, உங்கள் குரல் மற்றவர்களுக்கு மேலாகக் கேட்கும்படி கத்தாதீர்கள் என்றும் சொல்கிறார். அப்போது ஒலிபெருக்கி கிடையாது. இன்றைக்கு மைக் பிடித்திருக்கும் நமக்குத்தான் அந்த இரண்டாவது அதிகமாகப் பொருந்துகிறது. கடைசிச் சரணத்தில் வாத்தியங்களை நிறுத்தி, மைக்கிலிருந்து ஓரடி பின்னால் போய்ப் பாருங்கள். சபை பாடுகிறதா இல்லையா என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவன்

மூவருக்கும் நன்றி. பட்டியலை எடுத்து வட்டமிட்டுப் பார்த்தேன். நான்கில் மூன்று மேல் எஃப் வரை போகின்றன. என் குரல் இயல்பிலேயே உயர்ந்தது, அதனால் எனக்கு அது தெரியவே இல்லை. இரண்டைச் சுருதி மாற்றி எழுதிவிட்டேன். மூன்றாவதைப் பாடகர் குழுவுக்குக் கொடுக்கிறேன்.

பேஸ் அண்ணன் சொன்னதை நேற்றைய பயிற்சியிலேயே செய்து பார்த்தோம். வாத்தியங்கள் நின்றதும் எங்கள் குழுவே தடுமாறியது. மூன்றாம் முறைதான் நேரானது.

ஆயர் ஐயா, இன்று காலை மூன்றாம் வரிசை அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் கணவர் இறந்து மூன்று மாதம் ஆகிறது. அடக்கத்துக்கு நானும்தான் போயிருந்தேன். எந்தப் பாடல்களைப் பாட விரும்புகிறீர்கள் என்று கேட்டேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பதினொன்று எழுதிக் கொடுத்தார். அதில் நான்கு எனக்குத் தெரியாதவை. அங்கேயே அவரைப் பாடச் சொல்லிக் கேட்டு, முதல் இரண்டையும் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன்.