அதிகாரம், ஆணையுரிமை, ஏற்பு: பாடம் நடத்த உதவி வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு அரசியல் அறிவியல் தனிப்பயிற்சி அளித்து வருகிறேன். பவர் (பிறரைத் தன் விருப்பப்படி செயல்பட வைக்கும் ஆற்றல்), அத்தாரிட்டி (ஆணையிடுவதற்கு மற்றவர்கள் ஏற்றுக்கொண்ட உரிமை; இதை நான் ‘ஆணையுரிமை’ என்கிறேன்) ஆகிய இரண்டையும் ‘அதிகாரம்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதால் (நூலின் உட்பிரிவுக்கும் அதே சொல்தான்!) மாணவர்கள் குழம்புகிறார்கள். ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் ஆணையுரிமையை மரபு, தலைவரின் தனிக்கவர்ச்சி, சட்டம் என மூன்று அடிப்படைகளில் பிரித்ததைச் சொன்ன பிறகு, முதல் வகைக்கு நகரத்தார் சமூகத்தின் ஒன்பது கோயில்களை எடுத்துக்காட்டினேன்: திருமணமான தம்பதி ஒரு புள்ளியாக (ஒரு குடும்பக் கணக்காக)க் கோயிலில் பதிவாகிப் புள்ளி வரி செலுத்துவதற்குப் பின்னால் காவல்துறை நிற்பதில்லை, ஆயினும் அது தலைமுறைகளாக நடைபெறுகிறது. இது அவர்களுக்கு உடனே புரிந்தது.

சிக்கல் லெஜிடிமசியில்தான், அதாவது ஆள்வோருக்கு ஆளும் உரிமை உண்டு என்று மக்கள் ஏற்பதைக் குறிக்கும் சொல்லில்தான். அதைச் ‘சட்டபூர்வத் தன்மை’ என்பது எனக்குப் போதுமானதாகப் படவில்லை. 1975 ஜூன் 25 அன்று அரசியலமைப்பின் 352-ஆவது பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்ட நெருக்கடிநிலைக்குச் சட்ட வடிவம் இருந்தும், 1977 தேர்தலில் மக்கள் அந்த ஆட்சியை அகற்றியதை அச்சொல்லால் எப்படி விளக்குவது? ‘ஏற்புடைமை’ என்று சொல்லலாமா? பொருத்தமான தமிழ்ச் சொல்லும், இவ்வேறுபாட்டை ஊராட்சி அளவில் காட்டும் எடுத்துக்காட்டும் தெரிந்த ஆசிரியப் பெருமக்கள், அடுத்த வார வகுப்புக்கு முன் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.