தாத்தா வீட்டார் குழு: 4294967297

சுந்தரம்: (பலமுறை பகிரப்பட்டது) 4294967297! எதனாலும் வகுக்க முடியாத அதிசயப் பகா எண்! பத்துப் பேருக்கு அனுப்பவும் 🙏

கவின்: பெரியப்பா, காலையில் நீங்கள் தனியாக அனுப்பியதை வைத்துத்தான் நாளைக்குக் கணித மன்றத்தில் பேசப் போகிறேன். அட்டையில் பெரிதாக எழுதியும் விட்டேன்.

மணி: அண்ணா, தப்பு. 641ஆல் வகுபடும்.

சுந்தரம்: எனக்கு வந்தது. அனுப்பினேன்.

திவ்யா: 😂

மாலதி: என் சார்ஜரை யார் எடுத்துப் போனது? வெள்ளை ஒயர்.

மணி: கவின், கவனி. 2, 4, 16, 256, 65536 என்று ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கிக்கொண்டு போ. எல்லாவற்றோடும் 1 கூட்டு. 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். ஆறாவதுதான் உன் எண். அதுவும் பகா எண்தான், இனி வருவதெல்லாமும் அப்படித்தான் என்று ஃபெர்மா நம்பிவிட்டார். 1732ல் ஆய்லர் வந்து உடைத்தார். 641 × 6700417.

முரளி: கால்குலேட்டரில் 4.29 என்று ஏதோ வருகிறது

திவ்யா: போனைப் படுக்க வையுங்கள் மாமா

முரளி: ஆமாம். சரியாக வருகிறது.

கவின்: 641 எப்படிக் கிடைத்தது சித்தப்பா? ஒவ்வொன்றாக வகுத்தா?

மணி: அப்படிப் போனால் 65536 வரை 6542 பகா எண்கள் இருக்கின்றன. யாருக்குப் பொறுமை? இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வரும். அதையும் ஆய்லரே பின்னால் நிரூபித்தார். ஆக 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொள்ளும்!

சுந்தரம்: அதை விடு. அப்பா வீட்டை மூன்றாக வகுக்கவே வழியைக் காணோம்.

மாலதி: நாலாக.

முரளி: இதை நேரில் பேசிக்கொள்ளலாம்

மாலதி: நேரில் பேசித்தான் மூன்று ஆனது.

திவ்யா: அம்மா, சார்ஜர் கிடைத்ததா?

மணி: 1812ல் ஸெரா கோல்பர்ன் என்ற அமெரிக்கச் சிறுவன் லண்டனில் மனக்கணக்காகவே 641 என்று சொன்னானாம். எட்டு வயது!

முரளி: கவின், படித்தாயா? எட்டு வயது.

கவின்: அப்பா, ஆரம்பிக்காதீர்கள்

மாலதி: முரளி, எட்டு வயதில் உனக்கு நான்தான் ஷூ லேஸ் கட்டிவிட்டேன்.

மணி: இன்னொரு அழகு. 641 = 640 + 1. அதுவே 625 + 16. இந்த இரண்டை வைத்தே, வகுக்காமல், நிரூபித்துவிடலாம். சொல்லட்டுமா?

திவ்யா: வேண்டாம் மாமா 🙏

மணி: (குரல் பதிவு, 6:41)

கவின்: அட்டையில் ‘பகா எண்’ என்று இருக்கிறது. ‘கா’வைக் ‘கு’ ஆக்கினால் பகு எண். போதுமா?

மணி: போதும். ஆனால் ஃபெர்மா ஏன் ஏமாந்தார் என்றும் சொல்.

முரளி: ஸ்கெட்ச் பேனா அழியாது. புது அட்டை வேண்டும்.

சுந்தரம்: நான் இன்னும் மூன்று குழுவுக்கு அனுப்பியிருக்கிறேனே. அங்கேயும் திருத்த வேண்டுமா?

திவ்யா: அழித்துவிடுங்கள்

சுந்தரம்: எப்படி?

மாலதி: சார்ஜர்.