டோக்கன் ரத்து: நேரத்தை நம்பலாமா?

கடலோடி:
ஓபன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருளில் லாகினைக் கவனிக்கும் பகுதி கீஸ்டோன். லாகின் செய்தவருக்கு அனுமதிச் சீட்டுபோல அது தரும் ஃபெர்னெட் வகை டோக்கன்களைத் தரவுத்தளத்தில் வைப்பதில்லை. பாஸ்வேர்டு மாறினால் "இந்த நேரம்வரை இவருக்குக் கொடுத்தது எதுவும் செல்லாது" என்று ரத்துப் பட்டியலில் ஒரு வரி பதிவாகும். டோக்கன் வரும்போதெல்லாம் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எங்கள் சர்வரிலும் இதே முறைதான். டோக்கனில் உள்ள நேரம் நொடி அளவுக்குத்தான் துல்லியம் என்பதால் ஒரு சிக்கல். 10:15:20.3-க்குப் பாஸ்வேர்டு மாற்றி 10:15:20.8-க்கு லாகின் செய்தால், இரண்டுமே 10:15:20. புது டோக்கனும் செல்லாமல் போகிறது. டோக்கனின் நேரம் ரத்து நேரத்தைவிடச் 'சிறியது அல்லது சமம்' என்றால் செல்லாது என்ற ஒப்பீட்டை, 'சிறியது' என்று மட்டும் மாற்றினால் போதும் என்கிறேன்.

தேன்மொழி:
போதாது. கணக்கைத் திருடியவன் 10:15:20.1-க்கு வாங்கிய டோக்கனிலும் 10:15:20 என்றுதானே இருக்கும்? அது தப்பிவிடும். கணக்குக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று பயந்துதான் பலர் பாஸ்வேர்டையே மாற்றுகிறார்கள். மறுபடி லாகின் செய்வது பயனருக்குத் தொல்லை, அவ்வளவுதான். திருடன் உள்ளேயே இருப்பது ஆபத்து.

கடலோடி:
அந்த ஒரு நொடிக்குள் சரியாக யார் வந்து வாங்கப் போகிறார்கள்?

தேன்மொழி:
பாஸ்வேர்டு இல்லாமலே புது டோக்கன் வாங்க உதவும் ரெஃப்ரெஷ் டோக்கன் கையில் இருந்தால், நொடிக்கு ஒன்று வாங்க ஒரு ஸ்கிரிப்ட் போதுமே.

நிரலன்:
எதற்கு இந்தச் சண்டை? டோக்கனுக்கு 5 நிமிட ஆயுள் கொடுங்கள். ரத்து செய்யவே வேண்டாம்.

தேன்மொழி:
5 நிமிடத்தில் மொத்தத் தரவையும் இறக்கிக்கொண்டு போய்விடலாம், நிரலன். ரெஃப்ரெஷ் டோக்கனை எப்படியும் ரத்து செய்தாக வேண்டும். அதோடு, காலாவதியும் நேரத்தை நம்புவதுதான். சிவிஇ-2014-5251 என்ற எண்ணில் பதிவான பாதுகாப்புக் குறை நினைவிருக்கிறதா? கீஸ்டோனில் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துக்கான டிரைவர் நேரத்தைத் தவறான துல்லியத்தில் சேமித்தது. ஒப்பீடு பிசகி, காலாவதியான டோக்கனும் செல்லுபடியானது.

நேரத்தையே விட்டுவிடலாம். பயனர் அட்டவணையில் ஒரு எண் வையுங்கள். பாஸ்வேர்டு மாறும் அதே டிரான்சாக்‌ஷனில் அது ஒன்று கூடட்டும். டோக்கனிலும் அந்த எண் இருக்கும், பொருந்தாவிட்டால் 401 என்று சர்வர் மறுத்துவிடும். சர்வர்களின் கடிகாரங்கள் முன்பின் ஓடினாலும் கவலையில்லை.

கடலோடி:
ஒவ்வொரு கோரிக்கைக்கும் தரவுத்தளத்துக்குப் போக வேண்டுமே?

தேன்மொழி:
ரத்துப் பட்டியலை இப்போதும் ஒவ்வொரு முறையும் பார்க்கத்தானே செய்கிறீர்கள்? எண்ணைக் கேஷில் (வேகத்துக்காக வைக்கும் தற்காலிக நகலில்) வைத்தால், அது மாறியதும் அங்கேயும் அழித்துவிடுங்கள். அதை மறந்தால் இதே பிழை வேறு வழியில் வரும்.

கடலோடி:
சரி, பாஸ்வேர்டு மாற்றத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கைபேசியில் மட்டும் லாக்அவுட் செய்தால்? எண்ணைக் கூட்டினால் எல்லாச் சாதனங்களும் வெளியேறிவிடும். அதற்கு, ஒவ்வொரு லாகினுக்கும் தனியாக உள்ள செஷன் எண்ணை வைத்து ரத்து செய்யும் பட்டியல் இருந்தே ஆக வேண்டும். அதை நான் எடுக்க விடமாட்டேன்.

தேன்மொழி:
எடுக்கவே வேண்டாம். ஒப்பீட்டு வரியை மட்டும் இன்று தொடாதீர்கள்.