வளவுத் தண்ணியில நனைஞ்ச படங்கள்: கை வச்சவங்க சொல்லுங்க

கானாடுகாத்தான்:
ஐப்பசி அடைமழையில தூம்பு சருகால அடைச்சு, வளவுத் தண்ணி, அதான் நடு முற்றத்துத் தண்ணி, பட்டாலைத் திண்ணை வரைக்கும் ஏறிடுச்சு. சுவரோரம் சாத்தி வச்ச தேக்குச் சட்டப் படங்கள் ஊறிப் பிறகு அப்படியே காய்ஞ்சதில, மணிவிழாப் படம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. நகத்தால ஓரத்தை நெம்பினதுதான் தாமதம்: ஐயாவோட இடது காது கண்ணாடியில, மிச்சம் தாள்ல. படத்து மேல பூசியிருக்கிற ஜெலட்டின் படலம் ஈரத்தில உப்பிக் கொழகொழன்னு ஆகும். காயும்போது எதைத் தொடுதோ அதைப் பிடிச்சுக்கும். ஒட்டினதைப் பிரிக்கவே வேண்டாம். கண்ணாடி வழியாவே ஸ்கேன் எடுத்துடுங்க.

பள்ளத்தூர்:
ஒரேயடியா அப்படிச் சொல்லாதீங்க ஆச்சி. காய்ஞ்சதுக்குத்தான் அது சரி. ஈரம் இருக்கும்போதே கண்ணாடியையும் படத்தையும் சேர்த்துப் பிடிச்சு, குளிர்ந்த தண்ணியை மெல்லிசா இடுக்குல ஓட விட்டா பெரும்பாலும் தானா நழுவும். விரல் போடக்கூடாது.

தேவகோட்டை:
அண்ணே, கையால வண்ணம் தீட்டின படத்துக்கு இந்த வைத்தியம் ஆகாது. சேலைக்குப் பூசின சிவப்பு மொத்தமும் தட்டுல ரோஸ் தண்ணியா நின்னுச்சு. அடியில கறுப்பு வெள்ளை மட்டும் அப்படியே. முதல்ல ஈரப் பஞ்சை ஓரத்தில ஒரு புள்ளி ஒத்திப் பாருங்க. நிறம் ஏறினா தண்ணியே காட்டாதீங்க. பூஞ்சை பிடிச்சதையும் அலசாதீங்க. அது ஜெலட்டினைத் தின்னு, தண்ணி பட்டாலே கரையிற பதத்துக்குக் கொண்டாந்துடும், முகமே போயிடும். நல்லாக் காய விட்டு, மாஸ்க் போட்டுக்கிட்டு, வெளியில வச்சு மெல்லிசு பிரஷால தட்டுங்க.

காரைக்குடி:
யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லிடுறேன். நனைஞ்சதிலிருந்து கணக்கு 48 மணி நேரம்தான். அதுக்குள்ள காய வைக்க முடியாதுன்னா, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மெழுகுத் தாள் வச்சு, பத்துப் பதினைஞ்சா சின்னக் கட்டாக் கட்டி, ஜிப் கவர்ல ஃப்ரீஸருக்கு அனுப்பிடுங்க. பிறகு சாவகாசமா இளக விட்டு ஒவ்வொண்ணாப் பிரிக்கலாம். பழைய கண்ணாடி நெகட்டிவை மட்டும் ஃப்ரீஸர்ல வைக்காதீங்க. முதல் கவனிப்பு கலர் படங்களுக்கு; கறுப்பு வெள்ளை கொஞ்சம் தாங்கும். சேறு இருந்தா அகலத் தட்டுல குளிர்ந்த தண்ணி, படம் மேல் பார்த்து. கலங்கக் கலங்க மாத்துங்க. நம்ம போர் தண்ணி உப்பு. காய்ஞ்சா வெள்ளைத் திட்டு விழும். கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க, காசு பார்க்காதீங்க. காய வைக்க நைலான் கொசுவலையை இழுத்துக் கட்டி, படம் மேல் பார்த்துப் பரப்பி, நிழல்ல ஃபேன் காத்து பக்கவாட்டுல. வெயிலும் ஹேர் டிரையரும் வச்சா அப்பளமாச் சுருண்டு, படலம் வெடிச்சுடும். செய்தித்தாள்ல போட்டா மை ஏறும்.

கோட்டையூர்:
வெள்ளை வேட்டிமேல கவுத்துப் போட்டாலும் ஆகாது. அப்பத்தா படம் காய்ஞ்சது நல்லாத்தான் காய்ஞ்சுச்சு. சாய்ச்சுப் பார்த்தா கன்னம் முழுக்க வேட்டி நெசவு.