பேட்ச் கிளாம்ப் அனுபவங்கள்: கண்ணெதிரே கரையும் கால்சியம் கரண்ட்

பேட்ச் கிளாம்ப் என்பது மெல்லிய கண்ணாடிக் குழாயை (பிப்பெட்) செல்லில் ஒட்டி, அதன் மெம்பரேன் வழியே ஓடும் கரண்டை அளக்கும் முறை. அதில் பிட்யூட்டரி செல்களில் கால்சியம் கரண்ட் எடுத்தவர்கள் முதலில் புலம்புவது ரன்டவுனைப் பற்றித்தான், அதாவது அளக்கும்போதே கரண்ட் கரைந்துபோவதைப் பற்றி. எனக்கு அதே ரன்டவுன் ஒரு வகையில் உபயோகப்பட்டது.

நான் வேலை செய்தது ஜிஎச்3 செல்களில். எலியின் பிட்யூட்டரிக் கட்டியிலிருந்து வளர்த்தெடுத்தவை. புரோலாக்டினும் வளர்ச்சி ஹார்மோனும் சுரப்பவை. டிஷ்ஷில் யாரும் தூண்டாமலேயே ஸ்பைக் (மின்துடிப்பு) அடிக்கும். அது கால்சியம் ஸ்பைக், ஹார்மோன் சுரப்போடு தொடர்புடையது என்பதை 1975-லேயே கிடோகோரோ எழுதிவிட்டார்.

கால்சியம் கரண்டைத் தனியாகப் பார்க்க மற்ற அயனிகளின் சேனல்களை (மெம்பரேனில் அயனிகள் கடக்கும் வாசல்களை) அடைக்க வேண்டும். சோடியத்துக்கு டெட்ரோடோடாக்சின், பொட்டாசியத்துக்கு வெளியே டிஇஏ (டெட்ராஎத்தில்அமோனியம்), பிப்பெட்டுக்குள் சீசியம். வெளிக்கரைசலில் கால்சியத்துக்குப் பதில், அதே சேனல்களில் போகும் பேரியம். பிப்பெட் மெம்பரேனோடு இறுக ஒட்டும் ஜிகாஓம் சீல் கிடைத்து, மெல்ல உறிஞ்சி மெம்பரேனைக் கிழித்து உள்ளே போய், −80 மில்லிவோல்ட்டிலிருந்து +10-க்குத் தாவினால் அழகான உள்நோக்கிய கரண்ட் வரும். சில நிமிடம் கழித்து அதே தாவல், கரண்டில் பாதியைக் காணோம். சீல் சரியாக இருக்கிறது, லீக் ஏறவில்லை, செல்லும் சாகவில்லை. பிப்பெட்டின் கொள்ளளவுக்கு முன்னால் செல் குளத்தில் விட்ட மைத்துளி மாதிரி. செல்லின் எரிபொருளான ஏடிபி உட்பட சேனலைத் தாங்கிப் பிடிக்கும் பொருட்கள் கரைந்து வெளியேறிவிடுகின்றன. பிப்பெட்டில் மெக்னீசியம்-ஏடிபி சேர்த்தால் தாமதமாகும், நிற்காது.

உச்சத்தை மட்டும் பார்த்தால் 'கரண்ட் குறைகிறது' என்பதோடு கதை முடிந்துவிடும். டெயிலை, அதாவது வோல்ட்டேஜைத் திருப்பியதும் சேனல்கள் மூடும்வரை வரும் கரண்டை, பெரிதாக்கிப் பாருங்கள். +10-லிருந்து −80-க்குத் திரும்பும் நொடியில், ஆரம்பத்தில், பெரிய கூரான டெயில் ஒன்று மில்லிசெகண்டில் ஒரு பங்குக்குள் விழுந்துவிடும். அதன் பின்னால் சிறியதாக இன்னொன்று, பல மில்லிசெகண்ட் இழுத்துக்கொண்டே போகும். நேரம் போகப் போக முதலாவது சுருங்குகிறது. இரண்டாவது ஏறக்குறைய இருந்தபடியே இருக்கிறது. ஆக, கரைவது ஒரு சேனல்தான். ஆர்ம்ஸ்ட்ராங்கும் மாட்டிசனும் 1985-ல் இதே செல்களில் சொன்னது இதுதான்: சட்டென மூடும் சேனல் ஒன்று, சாவகாசமாக மூடும் சேனல் ஒன்று. இன்றைய பேச்சில் முன்னதை எல் (L) வகை, பின்னதை டி (T) வகை என்கிறோம்.

அதன் பிறகு முதல் நிமிடங்களின் பதிவை நான் தூக்கிப் போடுவதில்லை. முந்தைய பதிவிலிருந்து பிந்தையதைக் கழித்தால், மருந்தே தொடாமல் எல் வகை தனியாக வந்துவிடும். சரிபார்க்க இன்னொரு வழி, ஹோல்டிங்கை (தாவலுக்கு முன் செல்லை நிறுத்திவைக்கும் வோல்ட்டேஜை) −40-க்கு ஏற்றுவது. டி வகை அங்கேயே செயலிழந்துவிடும். மெதுவான டெயிலும் கூடவே போக வேண்டும். போகவில்லையென்றால் நீங்கள் பிரித்தது வேறு எதையோ.

உருண்டையான செல்களையே எடுங்கள். கைகால் நீட்டிப் படர்ந்தவற்றில் ஓரத்து மெம்பரேன் நாம் சொல்லும் வோல்ட்டேஜில் நிற்காது. அங்கே வரும் மெதுவான டெயிலை நம்ப முடியாது.

பதில்:

பிட்யூட்டரிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்! நான் மாட்டின் அட்ரினல் குரோமாஃபின் செல்களோடு (அட்ரினலின் சுரப்பவை) மல்லுக்கட்டியவன். அங்கே டி வகை கணக்கில் வருவதேயில்லை. இருப்பவை எல், என் (N), பி/கியூ (P/Q) வகைகள். எல்லாமே உயர் வோல்ட்டேஜில் திறப்பவை, டெயிலை வைத்துப் பிரிக்கும் வித்தை எடுபடாது. மருந்துதான் கதி. எல் வகையை அடைக்கும் நிஃபெடிபின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும் என்பதால் அறையை இருட்டாக்கி வேலை. N வகையை அடைக்க ஒமேகா-கோனோடாக்சின் ஜிவிஐஏ என்ற நத்தை நஞ்சு. அது பிளாஸ்டிக் குழாயில் ஒட்டிக்கொண்டு செல்லுக்குப் போய்ச் சேராது. கொஞ்சம் அல்புமின் கலந்தால் சேரும். ஒருமுறை பிடித்தால் கழுவினாலும் எளிதில் விடாது, எனவே ஒரு டிஷ்ஷுக்கு ஒரு செல் என்றுதான் கணக்கு.

ரன்டவுன் வேண்டாமென்றால் மெம்பரேனைக் கிழிக்காமல், அதில் நுண்துளை போடும் நிஸ்டாட்டினை வைத்துத் துளையிட்ட பேட்ச் செய்யலாம். சிறு அயனிகள் மட்டும் கடக்கும், ஏடிபி உள்ளேயே இருக்கும். ஆனால் அணுகல் தடை (பிப்பெட்டுக்கும் செல்லுக்கும் இடையிலான மின்தடை) ஏறிவிடும். நீங்கள் சொன்ன கூரான டெயிலை அதில் தேடாதீர்கள், மழுங்கித்தான் தெரியும்.

பதில்:

உண்மை, அதனால்தான் டெயில் வேண்டும்போது நான் செல்லை உடைத்தே உள்ளே போகிறேன். ஸ்பைக் பார்க்க வேண்டிய நாட்களில்தான் நிஸ்டாட்டின்.

அப்புறம், புதிதாக வருபவர்களுக்கு: பேரியக் கரைசலில் சல்பேட்டோ பாஸ்பேட்டோ இருந்தால் கலங்கிவிடும். மெக்னீசியத்தை குளோரைடாகவே போடுங்கள், பஃபருக்கு ஹெப்பிஸ். செல் இன்னும் தாங்கினால் பேரியத்தை வடித்துக் கால்சியத்துக்கு மாற்றிப் பாருங்கள். கூரான டெயில் குட்டையாகும், மெதுவானது பெரிதாக மாறாது. டி வகைக்கு இரண்டு அயனியும் ஏறக்குறைய ஒன்றுதான்.